பத்தாவது கல்லும் ஒரு கீறலும்

அவள் வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே வாசகம்தான்: “இருபத்தாறு வருடம். ஒரு கீறல் இல்லை.” மஞ்சள் எழுத்து, அதற்குக் கீழே சிவப்பில் நிழல். எழுதியவர் அவள் கணவர். ஊரில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை அவர் கைவண்ணம். வருடம் பிறந்ததும் முதல் வேலையாகப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, இருபத்தைந்தை இருபத்தாறு ஆக்குவார். எண்தான் மாறும். இரண்டாவது வாக்கியத்தில் அவர் தூரிகை பட்டதே இல்லை.

வீடு மாற்றிக் கொடுப்பது அவள் தொழில். கட்டில், பீரோ, தண்ணீர்த் தொட்டி, தையல் இயந்திரம், சமயத்தில் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் மாமனார் வரை எல்லாவற்றையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பாள். ஊர் அவளை ‘மெதுவா அக்கா’ என்றுதான் கூப்பிடும். அவள் எதையும் தூக்குவதில்லை. ஆறு ஆட்கள் பீரோவைச் சுமந்து படியேற, அவள் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே “மெதுவா… இடது… இன்னும் கொஞ்சம்… நில்லு” என்பாள். அந்தக் குரல் சொன்னபடி கால் வைத்தால் சுவரிலும் படாது, நிலையிலும் படாது. “ஊருக்கே சாமான் ஏத்துறா, வீட்டுல ஒரு நாற்காலிய நகர்த்தச் சொன்னா, பக்கத்துல நின்னு மெதுவான்னு சொல்றா” என்று கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு கோபத்தில்தான். கல்யாணம் ஆன புதிதில் நான்காவது மாடியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். சாமான் ஏற்ற வந்தவர்கள் படிக்கட்டின் திருப்பத்தைப் பார்த்தார்கள், கட்டிலைப் பார்த்தார்கள், கட்டிலின் காலை அறுத்துவிடலாம் என்றார்கள். புதுக் கட்டில். அவள் துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து திருப்பத்தை அளந்தாள், கட்டிலை அளந்தாள், நெட்டுக்குத்தாக நிறுத்தி ஒரு கால் மட்டும் முதலில் திரும்பட்டும் என்றாள். கால் மணி நேரத்தில் கட்டில் மேலே போய்விட்டது. வந்தவர்களின் தலைவன் தலையைச் சொறிந்துகொண்டே, நாளைக்கு இதைவிட மோசமான படிக்கட்டு ஒன்று இருக்கிறது, வந்து பார்க்கிறாயா என்று கேட்டான். வேடிக்கை பார்க்கப் போனவள்தான். இன்னும் வீடு திரும்பவில்லை என்பது கணவரின் கணக்கு.

ஆனால் வண்டியில் எழுதியிருப்பது பொய். ஒரு கீறல் உண்டு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு தலைமையாசிரியை அம்மாவின் மர பீரோ. ஓரமெல்லாம் செதுக்கல் வேலை. ஆறு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. முன்னால் பின்பக்கமாக நடக்கிறவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: இடது என்றால் சுமக்கிறவர்களின் இடது, தன் இடது அல்ல. இவள்தான் அவர்களைப் பார்த்து நிற்கிறாளே. அன்றைக்கு ஏதோ யோசனையில் தன் இடதைச் சொல்லிவிட்டாள். ஆட்கள் சொன்னபடி திரும்பினார்கள். கைப்பிடிச் சுவரில் ‘சடக்’ என்றது. பீரோவின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. பீரோவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. அவள் அந்தச் சில்லின் மேல் கால் வைத்து நின்றுகொண்டு, “என்ன சத்தம்? பார்த்து வாங்க” என்று அவர்களையே அதட்டினாள்.

அறைக்குள் போனதும் உடைந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னாள். அப்படி வைத்ததில் பீரோ அறையின் குறுக்கே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. இது என்ன கோலம் என்று தலைமையாசிரியை கேட்டார். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்: இப்படி வைத்தால் கதவைத் திறக்கும்போது வெளிச்சம் உள்ளே போகும், துணியில் பூச்சி அண்டாது. அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “பாத்தியா, இத்தனை நாள் இது யாருக்கும் தோணலையே” என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆசிரியை ஆயிற்றே, தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்காமல் இருக்க முடியுமா? அடுத்த வருடத்துக்குள் அந்தக் கட்டிடத்தின் ஆறு மாடியிலும் பீரோக்கள் குறுக்கே நின்றன. புதிதாகக் குடிவருகிறவர்கள் அவளிடமே, “இங்கே எல்லாரும் இப்படித்தான் வைப்பாங்களாம்” என்பார்கள். அவளும் ஆமாம் என்பாள். சில்லு ஒரு துணியில் சுற்றப்பட்டு அவள் கருவிப்பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. திருப்பிக் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் ஒரு கல்லால் வெளியே வந்தது.

கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரு கல்வட்டம் உண்டு. எழுத்து என்பதே இல்லாத காலத்தில் யாரோ நிறுத்தியவை. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் ஒவ்வொரு கல்லும். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் கரடுமுரடு. வழுவழுப்பான பக்கமெல்லாம் வட்டத்தின் உள்ளே பார்த்து நிற்கும். ஒன்பது கற்கள் நின்றன. பத்தாவது, வட்டத்திலிருந்து முப்பது அடி தள்ளி, முகம் குப்புறக் கிடந்தது. எந்தக் காலத்திலோ எவரோ வீட்டுக்கு ஆகுமென்று பெயர்த்து இழுத்துப் போய், பாதியில் இடுப்பு விட்டுப்போய் அங்கேயே போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வட்டத்தின் வாசலில் ஒரு பலகை. அதை எழுதியதும் அவள் கணவர்தான், நான்கு தடவை. முதலில் வந்த அதிகாரி இது இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று எழுதச் சொன்னார். அடுத்தவர் அதை அழித்து, சூரியன் மறையும் திசையைக் குறித்து நாள் கணக்குப் பார்த்த இடம் என்றார். மூன்றாமவர், சுற்றுப்பட்டு மக்கள் கூடிப் பேசிச் சாப்பிட்ட இடம் என்றார். இப்போது இருப்பவர் மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இருக்கலாம்’ சேர்த்துவிட்டார். அந்தக் கல்லை நட்டவர்கள் எதற்காக நட்டார்களோ, தனக்கு வேலை கொடுப்பதற்காகவும் நட்டிருக்கிறார்கள் என்பது கணவரின் கட்சி.

அந்த அதிகாரிதான் பத்தாவது கல்லை மறுபடி அதன் குழியில் நிறுத்த அனுமதி வாங்கினார். ஆனால் கிரேன் உள்ளே போகக் கூடாது. வட்டத்துக்கு அடியில் மண்பானைகள் புதைந்திருக்கின்றன, சக்கரம் ஏறினால் நொறுங்கிவிடும். மனிதக் கையால்தான் ஆகவேண்டும். வந்து பார்த்த இரண்டு ஒப்பந்தக்காரர்கள் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, வேறு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். மூன்றாவது நாள் சிக்னலில் நின்றபோது அதிகாரியின் கண்ணில் அவள் வண்டி பட்டது. பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தார். எங்கேயோ இடித்துவிட்டோம், சண்டைக்கு வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வண்டியின் வாசகத்தைக் காட்டி, இது உண்மைதானா என்று கேட்டார்.

“எழுதியிருக்கே சார்” என்றாள் அவள். பொய் சொன்ன மாதிரியும் இல்லை, உண்மை சொன்ன மாதிரியும் இல்லை.

பத்து நாள் கழித்து நாற்பது பேரோடு சரிவுக்குப் போனாள். அவளுடைய ஆறு பேர் போக, மீதிப் பேர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், அவளால் வீடு மாறிய நான்கைந்து குடும்பத்து ஆட்கள். கணவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தார். அவளிடம் எட்டு வருடமாக வேலை பார்க்கும் நெட்டையன், பழக்கதோஷத்தில், கல்லைப் போர்வை போட்டுச் சுற்றிவிட்டான். ‘உடையும் பொருள்’ என்ற சிவப்புத் தாளையும் ஒட்டிவிட்டான். அதிகாரி அதைப் பார்த்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் வேலை நன்றாகவே போனது. கடப்பாரையால் ஒரு விரல் அளவு நெம்புவது, கட்டையைச் சொருகுவது, மறுபடி ஒரு விரல். மதியத்துக்குள் கல் கட்டையடுக்கின் மேல் இடுப்பளவு உயரத்துக்கு வந்துவிட்டது. மனிதர் கண் படாமல் கிடந்த அடிப்பக்கம் அப்போதுதான் தெரிந்தது. மற்ற ஒன்பதையும்விட வழுவழுப்பு. ஆனால் தோள்பட்டை இருக்கவேண்டிய இடத்தில் கையகலத்துக்கு ஒரு பள்ளம், யாரோ கடித்து எடுத்த மாதிரி. இழுத்துப் போனவர்கள் உடைத்திருப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கட்டைகளின் மேல் உருட்டி, சாயங்காலம் குழியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கல்லின் மேல் ஒரு கீறல் விழவில்லை. அவள் குரல்தான் கம்மிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் சிக்கல். கல்லின் அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சரிந்து வெட்டியிருந்தது. குழியின் அடியும் சரிவாகத்தான் இருந்தது. அவள் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, கல்லின் அடியில் வைத்துக் கத்தியால் அதே வடிவத்துக்கு வெட்டினாள். அகலமான பீரோ குறுகலான இடத்துக்குப் போகுமா என்று பார்க்க அவள் எப்போதும் செய்வதுதான். அட்டையைக் குழிக்குள் இறக்கிப் பார்த்தாள். வழுவழுப்பான பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்தால் ஒரு மூலை மட்டும் தரையில் பட்டது, மீதி அந்தரத்தில் நின்றது. திருப்பி வைத்தால் கையுறைக்குள் கை போவது மாதிரி உட்கார்ந்தது.

கல்லை வெளியே பார்த்துத்தான் நிறுத்தவேண்டும் என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த உத்தரவைக் காட்டினார். ‘மற்ற ஒன்பதைப் போலவே’ என்று அதில் அச்சாகி இருந்தது. இத்தனை ஆயிரம் வருடத்தில் குழி உருமாறியிருக்கும், இடைவெளியைச் சிமெண்டு போட்டு அடைத்துக்கொள்ளலாம் என்றார். மழைக்கு முன் முடிக்கவேண்டும், வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அவளோ அட்டையை மறுபடி குழிக்குள் இறக்கி, அந்த ஒற்றை மூலையைக் காட்டினாள். அப்படி நிறுத்தினால் இன்றைக்கு நிற்கும். என்றைக்காவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் பக்கத்தில் நிற்கும்போது சாயும்.

“சரிம்மா, நீங்க சொல்றபடியே வச்சுக்குவோம்” என்றார் அதிகாரி. “ஒன்பது கல்லை உள்ள பார்த்து நிறுத்தினவங்க, பத்தாவதை மட்டும் ஏன் திருப்பி வைக்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க. மேலிடத்துக்கு நான் என்ன எழுதுவேன்?”

பக்கத்தில், குழியைத் தோண்டிய ஆராய்ச்சிப் பெண் ஒரு மேஜையைப் போட்டு, கிடைத்த சாமான்களைத் தட்டுத்தட்டாக வைத்திருந்தாள். இளம்பெண், முழங்கால் வரை மண். பானை ஓடு, சாம்பல், கல் அசையாமல் இருக்கக் குழியைச் சுற்றி இறுக்கிய முட்டுக்கற்கள். ஒரு கல் மட்டும் தனித் தட்டில் இருந்தது. மற்றவை ஓடைக் கற்கள்; இது வேறு நிறம், ஒரு பக்கம் வழுவழுப்பு. குழியின் அடியாழத்தில், முட்டுக்கற்களுக்கும் கீழே கிடைத்ததாம். தட்டில் ‘காணிக்கையோ?’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். இறந்தவர்களுக்கு மரியாதையாக வைத்திருப்பார்கள் என்று ஒரு வாரமாக அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மெதுவா அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையகலம். ஆராய்ச்சிப் பெண்ணிடம் கேட்டு அதைக் கையில் வாங்கி, கட்டையடுக்கின் கீழே குனிந்து, கல்லின் தோளில் இருந்த பள்ளத்தில் வைத்தாள். மூடி பாத்திரத்தில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

நாற்பது பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிப் பெண்தான் முதலில் பேசினாள். அப்படியானால் இது நட்ட நாளிலேயே உடைந்திருக்கிறது என்றாள். பிறகு வேகமாக யோசித்து, வேண்டுமென்றே உடைத்திருக்கலாம் என்றாள். இறந்தவர்களோடு சேர்த்து ஒரு துண்டை அனுப்புகிற வழக்கம் இருந்திருக்கலாம், அல்லது அஸ்தமன திசையைக் காட்ட ஒரு அடையாளம்… அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். இன்னும் இரண்டு ‘இருக்கலாம்’ வரப்போகிறது என்று கணவர் பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தார்.

அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவளைத் தவிர அங்கே வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அதைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி பின்னாலேயே வரும். அவள் சரிவின் கீழே நின்ற தன் வண்டியைப் பார்த்தாள். மஞ்சள் எழுத்து அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்ற கணவரைப் பார்த்தாள். பத்தொன்பது தடவை எண்ணை மாற்றி எழுதிய கை.

“அடையாளமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள். “கொண்டுவர்ற வழியில கீழ போட்டுட்டாங்க.”

அதிகாரி நிமிர்ந்தார். அதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்.

அவள் கீழே இறங்கிப் போய்க் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் எதையாவது தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஆட்கள் வழி விட்டார்கள். அடித்தட்டிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தாள். செதுக்கல் வேலை செய்த சில்லு.

“இது தலைமையாசிரியை அம்மா வீட்டு பீரோ. நான்தான் உடைச்சேன். இடதை மாத்திச் சொல்லிட்டேன். உடைஞ்ச பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுட்டு, துண்டை ஒளிச்சு வச்சுட்டேன். இவங்களும் அதையேதான் பண்ணியிருக்காங்க. வட்டத்துக்கு உள்ள எல்லாரும் வந்து நிப்பாங்க. அவங்க கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு உடைஞ்ச பக்கத்தை வெளிய திருப்பிட்டாங்க. துண்டைக் குழியில போட்டு, மேல கல்லை நட்டுட்டாங்க. யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒரு காரணமும் வச்சிருந்திருப்பாங்க. நான் பூச்சி அண்டாதுன்னு சொன்னேன்.”

நெட்டையன் மெல்லக் கேட்டான்: “அக்கா, அப்போ எங்க வீட்டு பீரோவைக் குறுக்கால வச்சது?”

“அது நீயா வச்சது. நான் சொல்லல.”

முதலில் சூளைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு கயிறு கயிறாகப் பரவி, கடைசியில் அதிகாரியிடம் வந்து நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். ஆராய்ச்சிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த ‘காணிக்கையோ?’ தாளைப் பிய்த்துவிட்டு, அந்தத் துண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். காணிக்கை என்று நினைத்தபோதுகூட அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இல்லை. அவர்கள் என்ன கும்பிட்டார்கள், எதை எண்ணினார்கள் என்று ஆறு வருடமாகத் தேடியும் ஒரு ஆள் கூடக் கண்ணில் படவில்லை, இன்றைக்குத்தான் ஒருத்தர் கிடைத்திருக்கிறார், அதுவும் கையும் களவுமாக என்றாள்.

கணவர் சிரித்தாரா இல்லையா என்பதை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அதிகாரி சரி என்றதும், மதியம் வழுவழுப்பான பக்கம் வெளியே பார்க்கும்படி கல் ஏறியது. நாற்பது பேர், இரண்டு கயிறு, ஒரு குரல். “மெதுவா… மெதுவா… வலது கயிறு நில்லு… இடது… உங்க இடது…” அந்த ‘உங்க’வை அவள் அழுத்திச் சொன்னபோது கயிற்றுக்காரர்களுக்கு மறுபடி சிரிப்பு வந்து, கல் ஒரு நிமிடம் பாதி வானத்தில் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு அடிப்பாகம் குழிக்குள் இறங்கியது. தரையில் ஒரு சின்ன அதிர்வு. நெட்டையன் ஓடிப்போய் இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. முட்டுக்கல் வைப்பதற்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. கல்லில் புதிதாக ஒரு கீறலும் இல்லை. நெட்டையன், வீடு மாறுகிறவர்களிடம் கையெழுத்து வாங்கும் பழக்கத்தில், ‘சாமான் சரியாக வந்து சேர்ந்தது’ என்ற தாளை அதிகாரியிடம் நீட்டினான். அவரும் போட்டுவிட்டார்.

அன்று மழை நன்றாகப் பெய்தது. வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவர் கண்ணாடியில் வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கும்போதுதான் பேசினார்.

“பத்தொன்பது வருஷமா பொய் எழுதியிருக்கேன். அதுவும் நிழலெல்லாம் போட்டு, ரெண்டு கலர்ல.”

“என்னங்க…”

“எங்கிட்ட கூடச் சொல்லலியே.”

“சொன்னா நீங்க எழுத மாட்டீங்க.”

“மாட்டேன்தான்” என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தத் துண்டைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அவள் வெளியே வந்தபோது வண்டியில் பெயிண்ட் வாடை. இரண்டு பக்கமும் ‘இல்லை’ மறைந்துபோய், அந்த இடத்தில் புது வெள்ளை. “இருபத்தாறு வருடம். ஒரு கீறல்.” முற்றுப்புள்ளிக்கும் நிழல் போட்டிருந்தார்.

அந்த வாசகத்தோடேயே ஆறு மாடிக் கட்டிடத்துக்குப் போனாள். தலைமையாசிரியைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, குரல் மட்டும் வகுப்பறைக் குரல். துணியைப் பிரித்துச் சில்லைக் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைகுனிந்து நின்ற இவளையும் ஏற இறங்கப் பார்த்தார். பத்தொன்பது வருடம் தாமதமாக வீட்டுப்பாடம் கொண்டுவந்தவளைப் பார்க்கிற பார்வை.

ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறேன், இப்போதே துண்டை ஒட்டி, பீரோவைத் திருப்பி ஒழுங்காக வைத்துவிடுகிறேன் என்றாள் அவள்.

“ஒட்டிக்கோ. ஆனா திருப்பாதே” என்றார் அந்த அம்மா. “அது அங்கேயே இருக்கட்டும்.”

“அம்மா, அதுக்கு ஒரு காரணமும் இல்லம்மா. நான் சும்மா சொன்னது.”

“தெரியுது. ஆனா ஆறு மாடிக்கும் நான்தானே சொல்லிக் குடுத்தேன்? கீழ்வீட்டுக்காரி போன வாரம்தான் சம்பந்தி வீட்டுக்கே போய் பீரோவைத் திருப்பி வச்சுட்டு வந்தா. இப்போ போய் என் பீரோவை நேரா வச்சா, நான் எந்த முகத்தோட படியிறங்குறது?” என்று சொல்லிவிட்டு, பசை டப்பாவைத் தேடி உள்ளே போனார். போகிற போக்கில் திரும்பி, உண்மையிலேயே பூச்சி வரவில்லை என்பதையும் சொல்லி வைத்தார்.